மோதிர விரலுக்கு ஏழு சதவீதம்

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்தியாவில் 1923இல் வந்தது. பிற்காலத் திருத்தங்களோடு அதன் முதல் அட்டவணையைப் படித்தால் கசாப்புக் கடை விலைப்பட்டியலைப் படிப்பது போலத்தான் இருக்கும். கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ 7. ஒருவரின் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் கணக்கு இது. விரல் கையிலேயே இருக்கிறது, ஆனால் குளிர்காலத்தில் வெளுத்து மரத்துப்போகிறது, இரவெல்லாம் எரிகிறது, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்றால்? பட்டியலில் அதற்கு வரி கிடையாது. மருத்துவர் தனியே மதிப்பிடலாம் என்று சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. ஆனால் மதிப்பிட வருபவர் கேட்பது எக்ஸ்ரே படத்தை. வலி படத்தில் விழாது.

இந்தக் கணக்கின் முழுப் பொருளும் தெரிய வேண்டுமானால் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைப் பார்க்க வேண்டும்.

பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் கிளை ரயில்பாதை மாரிக்குப்பத்தில் முடிகிறது. 1894இல் தங்கத்துக்காகவே போடப்பட்ட பாதை. அதன் கடைசி முனையை ஒட்டிய பகுதி மைசூர் மைன்ஸ். தங்கவயலின் நான்கு பெரிய சுரங்கங்களில் ஒன்றின் பெயர் அது. மற்றவை சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் பொறுப்பேற்றது. தொடக்கத்தில் தோண்டியதெல்லாம் வீணாகி, மைசூர் கம்பெனி கையிருப்பு கரைந்து மூடும் நிலைக்கு வந்தது. மிஞ்சிய பணத்தைப் போட்டு இன்னும் ஒருமுறை பார்ப்போம் என்று பங்குதாரர்களைச் சம்மதிக்கவைத்த பிறகுதான் பிளம்மர் என்ற சுரங்கக் கேப்டன் சாம்பியன் என்ற தங்க ரேகையைத் தொட்டார். அந்த ரேகை அடுத்த நூறு ஆண்டுகளுக்கும் மேல் லண்டனையும் பிறகு டெல்லியையும் வாழவைத்தது. மொத்தம் எடுத்த தங்கம் 800 டன் அளவு என்று சொல்லப்படுகிறது. எடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள், தலித்துகள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள்.

ஆழம் போகப்போக வேலை மாறியது. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியது. காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும். நிற்பது என்பதும் பேச்சுக்குத்தான். ரேகை போகும் கோணத்தில் குடைந்த இடுக்கில் குந்தியும் மண்டியிட்டும் சாய்ந்தும் துளைபோடும் கருவியைத் தோளிலும் வயிற்றிலும் அணைத்துப் பிடித்து வேலை செய்ய வேண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். இங்கே அதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர். அதில் செத்தவர்கள் கணக்கில் வந்தார்கள். முதுகெலும்பு நசுங்கியவர்களும் வந்தார்கள். முப்பது வருடம் குந்தியிருந்து முழங்காலும் இடுப்பும் தேய்ந்துபோய் ஓய்வுபெற்றவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. வேலைக்குப் போனவனுக்கு உடம்பு வலிக்காதா என்று கேட்டு ஊரே அதை இயல்பாக எடுத்துக்கொண்டது.

ஒரு நோய் மட்டும் விதிவிலக்கு. சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து தழும்பாகும் சிலிக்கோசிஸ் இந்தியாவில் முதலில் பதிவானது இந்தத் தங்கவயலில்தான், 1930களில். 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்கு அது இருந்தது. ஏன் இந்த நோய்க்கு மட்டும் பெயரும் இழப்பீடும் கிடைத்தன? எக்ஸ்ரேயில் நிழலாக விழுந்ததால்தான் என்று சொன்னால் முழு உண்மையாகாது. தொழிற்சங்கங்கள் போராடியதும் காரணம். ஆனால் கையில் காட்ட ஒரு படம் இருந்ததால்தான் அந்தப் போராட்டத்தால் வாதாட முடிந்தது.

துளைக்கருவி கையை என்ன செய்யும் என்பதும் புதிய செய்தி இல்லை. அழுத்தக் காற்றில் இயங்கும் கருவிகளைப் பிடித்த சுரங்கத் தொழிலாளர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை இத்தாலியின் ஜொவான்னி லொரிகா 1911இலேயே எழுதினார். அமெரிக்காவின் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் இந்தியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் அதையே விரிவாகப் பதிவுசெய்தார். விரல்களின் நுண்ணிய ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதிர்வில் கெட்டுப்போகின்றன. பிரிட்டன் இதைத் தொழில்நோயாக ஏற்க 1985 வரை ஆயிற்று. 1999இல் அங்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இதற்கென்றே இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். விரல் வெட்டுப்பட்டதற்காகக் கேட்டவர்களில்லை அவர்கள். வலியையும் மரத்துப்போதலையும் சோதித்து, படிநிலை பிரித்து, பணமாக்கிக் கொடுக்க முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அதே வகைக் கருவியைப் பிடித்த கோலார்க் கைகளுக்கு அப்படியொரு திட்டம் வந்ததில்லை. தங்கவயல் சுரங்கங்களைக் கடைசியாக நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது மிச்சமிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலைமுடிப்புத் தொகை என்று ஒன்றைக் கொடுத்தார்கள். கம்பெனி ஆஸ்பத்திரியும் அதோடு போயிற்று.

வலியைப் பற்றிய அறிவு இதற்கிடையே தலைகீழாக மாறிவிட்டது. 1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு குறிப்பு வலி ஆய்வாளர்களிடையே பிரபலம். 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலிருந்து குதித்ததில் 15 சென்டிமீட்டர் ஆணி பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணி சற்றே அசைந்தாலும் தாங்க முடியாத வலி. ஊசி போட்டு மயக்கி பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால், ஆணி இரண்டு விரல்களுக்கு இடையே போயிருக்கிறது. காலில் கீறல்கூட இல்லை. அவர் நடிக்கவில்லை. வலித்தது உண்மை. ஆபத்து இருக்கிறது என்று மூளை முடிவுசெய்தது, வலி வந்தது. இதன் மறுபக்கமும் உண்டு. 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு முதுகுவலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் முதுகுத்தட்டுகள் தேய்ந்திருந்தன. ‘டிஸ்க் தேஞ்சுபோச்சு’ என்ற ஒரு வரி ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஆயுசுக்கும் குனிய மறுப்பவர்கள் இந்த எண்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

காயத்துக்கும் வலிக்கும் நேர்க்கோட்டு உறவு இல்லை என்பதைக் கோட்பாடாக முன்வைத்தவர்கள் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால். முதுகுத்தண்டில் ஒரு வாயில் இருக்கிறது. கீழிருந்து வரும் செய்திகளை அது கூட்டியும் குறைத்தும் அனுப்புகிறது. மூளை மேலிருந்து அந்த வாயிலைத் திறக்கவும் மூடவும் முடியும் என்றார்கள். அது வெளியான ஆண்டு 1965. அதே ஆண்டில்தான் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் வைத்திருந்த கருவிகள் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவுசெய்தது உலகச் செய்தியானது. கண்ணுக்குத் தெரியாத துகளை அளக்கத் தங்கவயலின் அடியில் கருவி வைக்க முடிந்தது. அந்தக் கருவிக்குப் பக்கத்துச் சுரங்க அறைகளில் குந்தியிருந்தவனின் முதுகை அளக்க யாரும் நினைக்கவில்லை. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்வது இயற்பியலாளர்களுக்கு அநியாயம். ஆனால் பொருத்தத்தைக் கவனிக்காமல் விடவும் முடியவில்லை.

1983இல் கிளிஃபர்ட் வூல்ஃப் இன்னொரு படி போனார். காயம் தரும் செய்தி ஓயாமல் வந்துகொண்டிருந்தால் முதுகுத்தண்டின் நரம்பணுக்களே கூர்மையாகிவிடுகின்றன என்று காட்டினார். பிறகு லேசான தொடுதலும் வலியாகப் பதிவாகும். காயம் ஆறிய பின்னும் வலி தங்குவதற்கு இது ஒரு காரணம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில்தான், 2022இல் நடைமுறைக்கு வந்ததில், அதற்கு முறையான இடம் கிடைத்தது. 2020 கணக்கின்படி இடுப்புவலியோடு வாழ்பவர்கள் மட்டும் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘வலி மூளையில் உருவாகிறது’ என்பதை ‘எல்லாம் மனப்பிரமை’ என்று திரிப்பவர்கள் மருத்துவர்களிலும் உண்டு, மாமியார்களிலும் உண்டு. இரண்டும் ஒன்றில்லை. மேலும், தூசு குடித்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும். அந்தக் காசநோய் முதுகெலும்புக்கும் பரவலாம். இரவுக் காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கால் மரத்து வலுவிழப்பது, சிறுநீர் மலம் அடங்காமல் போவது, இவை முதுகுவலியோடு சேர்ந்து வந்தால் நரம்பு கூர்மையான கதையைப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தங்கவயல் போன்ற ஊரில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் தவறில்லை.

இவை எதுவும் இல்லை, வலி மட்டும் இருக்கிறது, போகவும் மாட்டேன் என்கிறது. அப்போது என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு ஒரு மருத்துவத் துறையாகப் பதில் தேடிய இடங்களில் ஒன்று வேலூர். தங்கவயல்காரர்களின் பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த வட ஆற்காட்டின் தலைநகராக இருந்த ஊர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்தார். விரல்கள் அழுகி உதிர்வது நோயின் வேலை இல்லை, வலி தெரியாமல் போனதால் தீயிலும் கூர்முனையிலும் கையை வைத்துக்கொண்டே இருப்பதன் விளைவு என்று கண்டுபிடித்தார். வலி ஒரு காவல் என்பது அவர் வாழ்நாள் முழுதும் சொன்ன செய்தி. தங்கவயலின் சிக்கல் அதற்கு நேர் எதிர்: திருடன் போன பிறகும் காவல் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது.

பிராண்டின் மாணவி மேரி வர்கீஸ். கொச்சியைச் சேர்ந்தவர். 1954இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அவருடைய கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மனவுறுதியைப் பற்றிப் பேசி நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அவர் திரும்பி வந்ததற்குக் காரணம் ஓர் ஏற்பாடு. தொழுநோயாளிகளின் கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேசை உயரம் சரியாக இருந்தால் சக்கர நாற்காலியில் இருப்பவர் அந்த வேலைக்கு எந்த விதத்திலும் குறைந்தவரில்லை. அந்த வேலை அவருக்குத் தேர்ந்து தரப்பட்டது, செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1963இல் வேலூரில் அதற்கான துறையைத் தொடங்கினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972இல் பத்மஸ்ரீ. முடங்கிய உடம்பை மட்டும் பார்க்காமல் அது திரும்பிப் போகப்போகும் வீட்டையும் வேலையையும் சேர்த்துப் பார்ப்பது இந்த மருத்துவத்தின் அடிப்படை.

நாள்பட்ட வலிக்கும் அதே பார்வைதான் பயன்பட்டது. அமெரிக்க உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1976இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கவனித்தது மிக எளிய விஷயம். வலிக்காரர்கள் வலி குறைந்த நாளில் சேர்த்துவைத்த வேலையெல்லாம் செய்துவிடுகிறார்கள், மறுநாள் படுக்கை. படுக்கையில் தசை தளர்கிறது. அடுத்த முறை அதைவிடக் குறைந்த வேலைக்கே வலி வருகிறது. ஓய்வும் மாத்திரையும் வலி வந்தால்தான் கிடைக்கும் என்றால், உடம்பு வலியைப் பழகிக்கொள்கிறது. எனவே வலியைக் கேட்காதே, கடிகாரத்தைக் கேள் என்றார். பத்து நிமிடம் நடந்தால் வலி வருகிறதா? ஏழு நிமிடத்தில் நில். நன்றாக இருக்கும் நாளிலும் ஏழு நிமிடம்தான். மோசமான நாளிலும் முடிந்தவரை ஏழு நிமிடம். ஒரு வாரம் கழித்து எட்டு.

தங்கவயல்காரருக்கு இது புரியாத தத்துவமில்லை. சுரங்கம் இருந்த காலத்தில் ஊரே சங்குக்கு எழுந்து சங்குக்குப் படுத்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அன்றைய சங்கு கம்பெனியின் லாபத்துக்கு ஊதியது. இன்று அதே ஒழுங்கைத் தன் முழங்காலுக்காகத் தானே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கஷ்டமான பகுதி நடப்பதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. கால் மணி நேரத்தில் முடியும் வேலையைப் பாதியில் விட்டு உட்காரும் கிழவரைச் சோம்பேறி என்று நினைக்காத வீடு அமைய வேண்டும். சுரங்கத்தில் ஆம்பளையாக இருந்தவருக்குத் தன் பார்வையிலேயே அது இழுக்கு.

சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்கும் இந்த முறை பொருந்தும். தழும்பான நுரையீரலை மருந்து மாற்றாது. ஆனால் நடைப்பயிற்சியும், உதட்டைக் குவித்து மெல்ல ஊதி வெளிவிடும் மூச்சும், குளிப்பது துணி மாற்றுவது போன்ற காரியங்களை இடைவெளிவிட்டு உட்கார்ந்து செய்வதும் மூச்சிரைப்பைக் குறைக்கும்.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. சீட்டில்லாமலே மருந்துக்கடையில் வாங்கி வருடக்கணக்கில் விழுங்கும் வலிநிவாரணிகள் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும். மூட்டுவலிக்கு என்று விற்கும் பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. டிராமடால் 2018 ஏப்ரல் முதல் இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2021இல் இன்னும் கறாராகச் சொன்னது: வேறு நோய் காரணமில்லாத நாள்பட்ட வலிக்குப் பாரசிட்டமாலையோ வழக்கமான வலிநிவாரணிகளையோ ஓபியாய்டுகளையோ தொடங்க வேண்டாம், உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, அக்குபஞ்சர், சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றைப் பாருங்கள். மருத்துவர்களிடையே இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. ஒன்றைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டார்கள். இலவச பிசியோதெரபி கிடைக்கும் நாட்டிலேயே அந்தக் கேள்வி எழுந்தது என்பதை மறக்கக் கூடாது.

குளிரைப் பற்றியும் கேட்பார்கள். ஆங்கிலேயர்கள் லிட்டில் இங்கிலாந்து என்று கொண்டாடிய ஊர் இது; மார்கழியில் முழங்கால் பிடித்துக்கொள்ளும் என்பது இங்கே பாடம். பிரிட்டனில் 2658 பேர் தினமும் கைப்பேசியில் வலியைக் குறித்து அனுப்பிய ஆய்வு 2019இல் வெளியானது. ஈரப்பதம், காற்று, குறைந்த காற்றழுத்தம் ஆகியவற்றோடு வலிக்குத் தொடர்பு உண்டு, ஆனால் அது சிறியது என்று கண்டது. பாட்டி சொன்னது முழுப் பொய்யில்லை, அவ்வளவுதான்.

உடம்பைவிடப் பிடிவாதமானது வீடு. மைசூர் மைன்ஸிலும் மற்றப் பகுதிகளிலும் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகள் ஒரு அறையும் அதை ஒட்டிய சிறு தடுப்புமாகக் கட்டப்பட்டவை. வாசல் தாழ்ந்திருக்கும். படுக்கை தரையில். சமையலும் தரையில். கக்கூஸ் வரிசைக் கடைசியில் பொதுவாக. இருபது வயதுத் தொழிலாளி தூங்கி எழுந்து ஷிஃப்டுக்குப் போவதற்காகக் கட்டப்பட்ட வீட்டில் அவருடைய எழுபது வயது நடக்கிறது. முழங்கால் மடங்காதவருக்குக் குந்தும் கக்கூஸ் ஒரு நாளின் மிகப் பெரிய சவால். அங்கே போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்கள் உண்டு. அதனால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, தலைசுற்றல். இரவில் எழுந்து போகையில் விழுந்து இடுப்பு முறிந்தால் கதை வேறு திசைக்குப் போய்விடும்.

இங்கேதான் சில நூறு ரூபாய் பெரிய ஆஸ்பத்திரி செய்யாததைச் செய்கிறது. நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியைக் குந்தும் பீங்கான் மேல் வைத்தால் அதுவே கமோடு. சுவரில் பிடித்து எழ ஓர் இரும்புக் குழாய். கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினால் எழும்போது முழங்காலின் சுமை பாதியாகக் குறைந்ததுபோல் தெரியும். அடுப்பைத் தரையிலிருந்து மேடைக்கு ஏற்றுவது, அரிவாள்மணையை விட்டுக் கத்தியும் பலகையுமாக நாற்காலியில் உட்கார்ந்து நறுக்குவது, வாசல் நிலைப்படியின் இரண்டு பக்கமும் சிமெண்ட் சாய்வு பூசுவது. தொழில்சார் சிகிச்சை என்ற படிப்பே இதற்காக இருக்கிறது. ஆனால் அந்தப் படிப்பு படித்தவர் ஒருவர் லைன் வீட்டுக்குள் வந்து சுற்றிப் பார்ப்பது அபூர்வம். வீடு தனக்குச் சொந்தமா இல்லையா என்று பல ஆண்டுகளாக முடிவாகாத குடும்பங்கள் சுவரை இடிக்கவும் யோசிக்கும்.

இந்தக் கதையில் பெண்கள் கடைசியில் வருவது எழுத்தின் குறை மட்டுமில்லை. ஊரும் அப்படித்தான் வைத்திருக்கிறது. நாள்பட்ட வலி ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் என்று உலகமெங்கும் ஆய்வுகள் சொல்கின்றன. சுரங்கம் ஆண்களின் இடுப்பை எடுத்தது. குழாயடியில் வரிசை நின்று குடம் தூக்கியது பெண்களின் இடுப்பை எடுத்தது. அதற்கு ஷிஃப்ட் முடிவதும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. நுரையீரல் கெட்ட கணவனைத் தூக்கி உட்காரவைப்பதும் அந்த இடுப்புதான். சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடிவதற்கு முன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. நிற்க இடமில்லாத பெட்டியில் போக வர நாலைந்து மணி நேரம் போவது அடுத்த தலைமுறையின் முதுகுவலிக் கணக்கு.

அரசின் பட்டியலில் இவர்களுக்கு இடம் எங்கே? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 முன்பிருந்த ஏழு வகைகளை 21 ஆக்கியது. நாள்பட்ட வலி அவற்றில் தனி வகையாக இல்லை. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசை எவ்வளவு வலு காட்டுகிறது என்று அளந்து இயக்கக் குறைபாடாகச் சான்று வாங்கலாம். 40 சதவீதம் எட்டினால்தான் பெரும்பாலான சலுகைகள். பத்து நிமிடம் நன்றாக நடந்து காட்டிவிட்டு இரண்டு நாள் படுப்பவர் அந்தப் பத்து நிமிடத்தால் அளக்கப்படுகிறார். சுரங்கத் தொழிலாளர் உடல்நலத்துக்கென்றே மத்திய அரசு 1990இல் தேசிய நிறுவனம் ஒன்றை அமைத்தது. தங்கவயலிலும் அதன் அலுவலகம் இருந்தது. 2019இல் அதைக் கலைத்து ஆமதாபாத்தின் தொழில்நலவாழ்வு நிறுவனத்தோடு இணைக்க முடிவெடுத்தார்கள்.

நடமாட முடியாதவரை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்வதில் இருக்கும் அபத்தத்தைத் தென்னிந்தியாவில் சிலர் முன்பே கண்டுகொண்டார்கள். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் தன் ஊரான ஆய்க்குடியில் சில குழந்தைகளோடு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுள்ள சங்கரராமன் பிறகு வந்து சேர்ந்தார். பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று வளர்ந்த அந்த அமைப்பு கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கே அனுப்பும் முறையை எடுத்துக்கொண்டது. 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலித்தணிப்பு இயக்கமும் பக்கத்து வீட்டுத் தன்னார்வலர்களை வைத்தே பரவியது.

தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக்கே மாத்திரை, வீட்டுக்கே பிசியோதெரபி, வீட்டுக்கே வலித்தணிப்புச் சேவை. தொடக்க விழா நடந்த இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி. கோலார் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டம் அது. எல்லைக்கு இந்தப் பக்கம் கர்நாடகம் 2024 அக்டோபரில் வீடுதேடி வரும் ‘கிருஹ ஆரோக்கிய’ திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது கோலார் மாவட்டத்தைத்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை என்று தொற்றாநோய்களைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பது அதன் முதன்மை வேலை. கதவைத் தட்டும் அதே ஊழியர் ‘எத்தனை நிமிஷம் நிக்க முடியுது, கக்கூஸ் எவ்வளவு தூரம்’ என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்பதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மாதம் ஒருமுறை வரிசை வரிசையாகப் போய்வர ஒரு வண்டியும் சம்பளமும் வேண்டும். நூறாண்டுக்கு முன்பே தங்கள் சொந்தச் செலவில் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் பௌத்த சங்கம் கண்டவர்கள், 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். ஒரு கோரிக்கையை மனுவாக்கி மாவட்ட சுகாதார அலுவலகத்தின் மேசையில் வைப்பது அவர்களுக்குக் கடினமான வேலையாக இருந்ததில்லை.